உப்புக்கு மேலே நிற்கும் தண்ணீர்

கழுகுமலையிலிருந்து இறங்கும்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. 1996 டிசம்பர். நாங்கள் நாலு பேர், நாலு பேரும் தூத்துக்குடி. எனக்குப் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் குமாஸ்தா வேலை. மாலத்தீவுக்குத் தோணியில் ஏறும் வெங்காயத்துக்கும் ஓட்டுக்கும் பில் போட்டுப் போட்டு விரல் மசியாகவே இருக்கும். இன்னொருவன் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவன், அதனால் 'வாத்தியார்'. மூன்றாமவன் கப்பல் வேலைக்கு மூன்று தடவை எழுதியும் கிடைக்காமல் பழைய இரும்புக் கடை வைத்தவன். அவனுக்கு 'மாலுமி' என்ற பேர் வந்ததை விளக்க வேண்டியதில்லை. நாலாமவன் சங்கு குளிக்கும் குடும்பம். அவன் அப்பா முத்துக் குளித்தவர், 1961-இல் மன்னார் வளைகுடாவில் நடந்த கடைசி முத்துச் சிலாபத்தில் கடலில் இறங்கியவர். மகனை நாங்கள் 'சங்கு' என்றே கூப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்கேயாவது நடப்பது வாத்தியாரின் ஏற்பாடு. பழைய கல் எங்கே கிடக்கிறதோ அங்கே எங்களை இழுத்துக்கொண்டு போவான். அன்றைக்குக் கழுகுமலை. மலை உச்சிக்குப் போகும் பாறைச் சரிவில் வெயில் கால் வழியாக ஏறியது. வெட்டுவான் கோயிலைப் பார்த்தபோது மாலுமிகூட வாயை மூடிவிட்டான். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையைச் சுற்றிலும் குடைந்து பள்ளமாக்கி, நடுவே விட்ட ஒற்றைப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிகரம் முடிந்துவிட்டது. மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி முடிந்துவிட்டார். கீழே வரவர வேலை மங்கி, அடியில் வெறும் பாறை. பாதியில் நின்றுபோன எல்லா வேலைகளுக்கும் நம் ஊரில் ஒரு கதை இருக்கும். இதற்கும் உண்டு, அப்பன் சிற்பியும் மகன் சிற்பியும் போட்டி போட்ட கதை. வாத்தியார் அதை ஒப்புக்குச் சொல்லிவிட்டு எங்களை மறுபக்கம் சமணச் சிற்பங்களுக்குக் கொண்டுபோனான்.

அந்தப் பாறைச் சுவரில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஒவ்வொருவருக்கும் அடியில் வட்டெழுத்தில் ஒரு வரி: இன்னார் இன்னாருக்காகச் செய்வித்த திருமேனி என்று. ராஜா பேர் இல்லை, சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களின் பேர்கள். குரத்தியர் என்று பெண் துறவிகள், பாடம் சொன்னவர்கள், அவர்கள் பேரும் இருக்கிறது. வாத்தியார் ஒவ்வொன்றையும் விரல் படாமல் காற்றில் தடவித் தடவி வாசித்தான். இங்கே துறவிகள் தங்கியிருந்தார்கள், இந்தப் பாறை நிழல்தான் அவர்கள் வீடு என்றான்.

சங்கு மட்டும் சிற்பத்தைப் பார்க்கவில்லை. பாறை இடுக்கில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இறங்கும்போது கேட்டான்:

"ஏல, குகைன்னா மலையிலதான் இருக்கணுமா? நம்ம கடக்கரையில ரெண்டு இருக்குல்லா? திருச்செந்தூர்ல ஒண்ணு, மணப்பாட்டுல ஒண்ணு. நடந்தா ஒரு பகல்."

அப்படித்தான் அந்த நடை முடிவானது.

*

மறுமாதம், பொங்கல் கழிந்து, தைப்பூசத்துக்கு முந்திய ஒரு நாள். விடியுமுன் திருச்செந்தூரில் இறங்கினோம். பச்சை வேட்டி கட்டி நடந்து வந்த கூட்டம் கோயில் வாசலெங்கும் படுத்துக் கிடந்தது. கடலில் ஒரு முழுக்கு. பிறகு வழக்கப்படி நாழிக்கிணறு.

நாழிக்கிணற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய சதுரப் பள்ளம், படியிறங்கிப் போக வேண்டும். அந்தப் பள்ளத்துக்குள்ளே ஓரடிச் சதுரத்தில் ஒரு சின்னக் கிணறு. வெளிப் பள்ளத்துத் தண்ணீர் கலங்கல், வாயில் வைக்க முடியாது. உள்ளே உள்ள சின்னக் கிணற்றில் மொள்ளும் தண்ணீர் தெளிவு, குடிக்கலாம். கல்லெறிந்தால் விழும் தூரத்தில் கடல். சூரனோடு சண்டை போட்ட படைக்குத் தாகம் எடுத்தபோது முருகன் வேலை ஊன்றி எடுத்த தண்ணீர் என்பது கோயில் கதை. அந்தச் சின்னக் கிணற்றுக்கு நாழி என்ற அளவின் பேரை வைத்தவன் யாரோ, கவனமான ஆள். அள்ள அள்ள வரும் என்று சொல்லவில்லை. அளந்து எடு என்று பேரிலேயே சொல்லிவிட்டான்.

வள்ளி குகை கோயிலுக்கு வடக்கே, கடலைப் பார்த்த பாறைச் சரிவில் இருக்கிறது. குறுகிய வாசல், குனிந்து நுழைய வேண்டும். உள்ளே வள்ளி. யானையாக வந்தவரைக் கண்டு பயந்து ஒளிந்த இடம் என்பார்கள். எனக்கு அங்கே பிடித்தது பாறைதான். விரலால் தேய்த்தால் மணல் உதிர்கிறது. கழுகுமலைக் கல்லின் கடினமே இல்லை. கடற்கரை மணலும் சிப்பித் தூளும் சுண்ணாம்பில் ஒட்டி இறுகிக் கல்லானது இது. வாத்தியார் சொன்னான்: பழைய கோயில் முழுக்க இந்தக் கல்லில்தான் இருந்தது, உப்புக் காற்று அரித்து அரித்து விழுந்தது, மௌன சாமி, காசி சாமி, ஆறுமுக சாமி என்று மூன்று துறவிகள் ஒருவர் பின் ஒருவராகக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார்கள், 1941-இல் குடமுழுக்கு. அவர்கள் சமாதி கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆயிரம் பேர் அதைத் தாண்டிப் போகிறோம். திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

"இவ்வளவு மெத்துன்னு இருக்கிற கல்லுல எவன்ல வீடு செய்வான்?" என்றான் மாலுமி.

"மெத்துன்னு இருக்கதுனாலதான்ல குடைய முடிஞ்சுது" என்றான் சங்கு.

*

ஏழு மணிக்குத் தெற்கே திரும்பி நடந்தோம். வாடை முதுகில் தள்ளியது, அதனால் முதல் ஒரு மணி நேரம் நடையே தெரியவில்லை. கடலோரம் நடப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே காய்ந்த மணலில் நடந்தால் கால் புதையும், கீழே அலைக்குள் நடந்தால் இழுக்கும். அலை வந்து திரும்பிய ஈரப் பட்டை இருக்கிறதே, அது தார் ரோடு மாதிரி இறுகி நிற்கும். அதன் மேலேயே போக வேண்டும். சங்கு எங்களை அந்தப் பட்டையிலேயே மேய்த்துக்கொண்டு போனான்.

ஆலந்தலையில் கரையேறினோம். வள்ளங்கள் வந்து, மீன் ஏலம் முடிகிற நேரம். வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் பையையும் வேட்டியையும் பார்த்து, "கோயிலுக்கு வந்திய, தெக்க எங்க போறிய?" என்று கேட்டார். மணப்பாட்டுக் குகைக்கு என்றோம். "பஸ்ஸு இருக்குல்லா?" என்றார். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டோம். அவருக்கு நாங்கள் ஏன் நடக்கிறோம் என்பது விளங்கவில்லை. சொல்லப்போனால் எங்களுக்கும் விளங்கவில்லை. டீக்குப் பிறகு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினோம்.

வழியெல்லாம் வாத்தியார் கொற்கையைப் பற்றியே பேசினான். முந்தின வருஷம் எங்களை அங்கேயும் கொண்டுபோயிருந்தான். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் என்று சங்கப் பாட்டெல்லாம் கொண்டாடிய ஊர். 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது அறுத்த சங்குத் துண்டும் முத்துச் சிப்பியும் கிடைத்தன. நாங்கள் போனபோது வயலும் வாழையும் குளமும்தான். ஒரு பழைய வன்னிமரம், அடியில் ஊர்க்காரர் இருவர் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடல் எங்கே என்று மாலுமி கேட்டதற்கு அவர்கள் கிழக்கே கையைக் காட்டிச் சிரித்தார்கள். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. தாமிரபரணி மணலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி ஊரையும் கடலையும் பிரித்துவிட்டது. பிறகு துறைமுகம் காயலுக்குப் போனது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்தது அந்தக் காயலை. அதுவும் தூர்ந்தது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல். கடைசியில் தூத்துக்குடி. அங்கேயும் பழைய துறைமுகத்தில் ஆழம் பற்றாமல் 1974-இல் தெற்கே புதுத் துறைமுகம் வந்தது. துறைமுகம் தண்ணீரைத் தேடி நடந்துகொண்டே இருக்கிறது, நாம் இன்றைக்கு ஒரு பகல் நடப்பது பெரிய காரியமா என்று வாத்தியார் முடித்தான். வகுப்பில் மணி அடிக்கும் நேரத்துக்குச் சரியாக முடிக்கப் பழகியவன்.

கல்லாமொழிக்குப் பக்கம் வரும்போது பத்தரை இருக்கும். அங்கேதான் மாலுமி கேனைத் தொலைத்தான். அலைக்குள் நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசை. தோளில் கேனோடு நின்றால் கப்பல்காரன் மாதிரி இருக்குமாம். நான் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தேன். பெரிய அலை ஒன்று முட்டிக்குப் பின்னால் அடித்தது. ஆள் விழுந்து எழுந்தான். கேன் மூடியில்லாமல் உருண்டு கடலுக்குப் போய்விட்டது. சங்கு நீந்திப் போய் எடுத்து வந்தான். உள்ளே முழுக்கக் கடல் தண்ணீர்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மாலுமியின் முதுகும் ஒரு காலும் மட்டும் விழுந்திருக்கின்றன.

பதினொன்றரைக்கு வெயில் நெற்றியில் நின்றது. ஊர் உள்ளே தள்ளி இருக்கிறது, நடுவில் உடைமுள்ளும் பனையும். வாத்தியாருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, பேச்சு நின்றது. எனக்கோ கடலைப் பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. கண்ணெட்டிய தூரம் தண்ணீர், ஒரு வாய் குடிக்க வழியில்லை.

சங்கு அலைப் பட்டையை விட்டு மேலே ஏறினான். அடும்பங்கொடி படர்ந்த மணல்மேடு. அதைத் தாண்டி, மேட்டுக்கு நிலப்புறம் உள்ள சரிவில் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தான். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் மணலை வாரினான், நாய் பறிப்பது மாதிரி. முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்தது. இன்னும் ஒரு சாண். அடியில் கண் திறந்த மாதிரி தண்ணீர் கசிந்தது. முதலில் வந்த கலங்கலை இறைத்து வெளியே ஊற்றினான். பிறகு தெளியும்வரை காத்திருந்து ஒரு கை அள்ளிக் குடித்தான்.

"குடிங்க" என்றான்.

நான் குடித்தேன். கடலுக்கு நூறடி இருக்காது. சவர் இல்லை, மணல் வாசம் மட்டும். திருச்செந்தூரில் காலையில் குடித்த அதே ருசி.

மாலுமிக்கு அவசரம். கை கையாக ஊறிவரக் காத்திருக்கப் பொறுக்காமல் இன்னும் ஆழமாகப் பறிக்கக் கையை விட்டான். சங்கு அவன் கையைத் தட்டிவிட்டான்.

"ஆசைப்பட்டுத் தோண்டாதல. கீழ போனா உப்பு வந்துரும். நல்ல தண்ணி மேலாப்புலதான் நிக்கும்."

எங்கள் வீட்டுப் பொம்பளைகள் எல்லோரும் இப்படித்தான் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள் என்றான். சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பவே ஒரு மணி நேரம் ஆகுமாம். அப்பா கடலுக்குள் சங்கு எடுத்தால் அம்மா கரையில் தண்ணீர் எடுப்பாள், ரெண்டுக்கும் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று சிரித்தான். நாலு பேரும் குடித்து, கேனைக் கழுவி, சிரட்டை இல்லாததால் என் டிபன் மூடியால் மொண்டு பாதிக் கேன் நிரப்ப முக்கால் மணி நேரம் ஆனது. கிளம்பும்போது நான் ஒழுங்கானவன் மாதிரி ஊற்றை மணல் தள்ளி மூடப் போனேன்.

"மூடாத. நாயோ காக்காயோ குடிச்சிட்டுப் போவும்" என்றான்.

அது எப்படி என்று பிறகு வாத்தியார்தான் புத்தகம் பார்த்து விளங்க வைத்தான். நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் கனம். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உள்ளே வந்து நிற்கும் கடல் நீரின் மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. கிபென் என்ற டச்சுப் பொறியாளர் 1888-இலும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் 1901-இலும் இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் இந்தக் கணக்கின் கொடுமை தெரியும். மேலே ஓரடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். சங்குவின் அம்மாவுக்கு இந்தப் பேர்கள் தெரியாது. சிரட்டைதான் அவர்கள் அளவு.

*

குலசேகரபட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் பக்கம் ஒரு கடையில் சோறு தின்றோம். தசராவுக்கு வேஷம் கட்டி லட்சக்கணக்கில் கூடும் ஊர், தை மாதத்தில் தூங்கி வழிந்தது. ஒரு காலத்தில் இதுவும் துறைமுகம். உடன்குடிக் கருப்பட்டியும் உப்பும் இங்கிருந்து போயின. பாரி கம்பெனி பனைச் சர்க்கரைக்காகத் திசையன்விளையிலிருந்து இந்த ஊர் வழியாகத் திருச்செந்தூருக்கு ஒரு குட்டி ரயிலே ஓட்டியது. 1940-இல் நிறுத்திவிட்டார்கள். வாத்தியாருக்குத் தண்டவாளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அரை மணி நேரம் தேடினோம், எங்கள் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பழைய இரும்பு எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும் என்று மாலுமி தொழில் தெரிந்தவனாகச் சொன்னான்.

உண்ட மயக்கத்தோடு மறுபடி கரைக்கு இறங்கினோம். இந்தக் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் கொப்புளம். தூரத்தில் ஒரு மணல் குன்றும் அதன் மேல் வெள்ளைக் கோயிலும் தெரிந்துகொண்டே இருந்தன, கிட்டே வரவேயில்லை. கருமேனி ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் வேட்டியைத் தூக்கிக் கட்டி முழங்கால் தண்ணீரில் கடந்து, மணப்பாட்டில் கால் வைத்தபோது மணி நாலரை.

மணப்பாடு அந்தக் கரையில் எதிர்பாராத ஊர். கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய மாடி வீடுகள், வளைவுகளும் தூண்களுமாக. குன்றின் மேலே திருச்சிலுவைக் கோயில். புயலில் சிக்கித் தப்பிய போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைவன் ஒருவன் நேர்ச்சைக்காகப் பாய்மரத்தில் சிலுவை செய்து நட்டதாகவும், கோயில் 1581-இல் எழுந்ததாகவும் வரலாறு சொல்கிறது. செப்டம்பர் 14 திருவிழா. குன்றின் கடல் பக்கம் படியிறங்கினால் குகை.

அந்தக் குகையோடு சேர்த்துச் சொல்லப்படும் புனிதர் சவேரியார். அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542 அக்டோபரில். அப்போது வயது 36. அவர் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே இந்தக் கரையின் பரவர்கள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். முத்துப் பார்களில் அவர்களுக்கிருந்த உரிமை பறிபோகும் நிலையில் போர்ச்சுக்கீசியரின் காவலை நாடியதன் தொடர்ச்சி அது. ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த ஓரிருவரை உட்கார வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அதை நெட்டுருப் போட்டு, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544-இல் மணப்பாட்டிலிருந்தே தன் துணைவர் மன்சிலாசுக்குக் கடிதங்கள் எழுதியிருக்கிறார். இந்தக் குகையில் அவர் தங்கினார் என்பது ஊரின் நம்பிக்கை. அவருக்கு முன்னால் ஒரு சைவத் துறவி இங்கே இருந்தார் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பின்பாதிதான் அதிகம் பிடித்தது.

குனிந்து நுழைந்தோம். வள்ளி குகைக்குக் குனிந்த அதே குனிவு. அதே மணற்கல். உள்ளே பீடம், மெழுகுவத்தி, சுவரில் புகைக் கரி. நாலு பேர் நின்றால் ஐந்தாம் ஆளுக்குத் தோள் இடிக்கும். கடல் இரைச்சல் வெளியே கேட்பதைவிட உள்ளேதான் அதிகம் கேட்டது. பாறையே இரைகிற மாதிரி. இந்த இரைச்சலில் எப்படித் தூங்கினார் மனிதர் என்று நான் கேட்டேன். வாத்தியார், துறவிக்குத் தனிமை வேண்டும், கடல் வேண்டும், அதனால் இந்த இடத்தைத் தேர்ந்தார் என்று அழகாக ஒரு விளக்கம் தொடங்கினான்.

சங்கு அதற்குள் வெளியே போய்விட்டான். குகையோடு சேர்ந்த கிணற்றடியில் நின்றிருந்தான். மெழுகுவத்தி விற்கும் ஆச்சி ஒருவர் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு அவன் கையில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"குடிச்சிப் பாருங்கய்யா. கடல் இம்புட்டுக் கிட்டத்துல இருக்கு, ஒரு பொட்டு உப்பு இருக்கா பாருங்க. புனிதரு குடிச்ச தண்ணி."

சங்கு குடித்துவிட்டு வாத்தியாரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கொஞ்சம் திமிர் இருந்ததை மறுக்க முடியாது.

"தனிமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கப்பா சொல்லுவாரு, ஆளு எங்க இருந்தான்னு தெரியணும்னா தண்ணி எங்க இருக்குன்னு பாருன்னு. மொதல்ல சாமியாரு வந்தாரு. தண்ணி இருந்துச்சு. பொறவு இவரு வந்தாரு. தண்ணி இருந்துச்சு. அங்க வள்ளி. பக்கத்துல நாழிக்கிணறு. கழுகுமலையிலயும் நான் அதத்தான் பாத்தேன், நீ எழுத்தப் பாத்த."

வாத்தியார் பதில் சொல்லவில்லை. இதைச் சவேரியாரோடு ஒட்டிச் சொல்ல அவனிடம் இன்னொரு கதை இருந்தது, அதை அன்று இரவு சொன்னான். காயல்பட்டினத்துப் பக்கத்தில் கொம்புத்துறையில் ஒரு பையன் கிணற்றில் விழுந்து செத்துவிட்டான், சவேரியார் அவனை எழுப்பினார் என்பது அந்தக் கரையின் பழைய நம்பிக்கை. அதிலும் ஒரு கிணறு வருகிறது பார்த்தாயா என்று சங்குவிடம் கேட்டான். தோற்றவன் ஒத்துக்கொள்ளும் முறை அது.

கோயில் முற்றத்தில் படுத்தோம். கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் முகத்தின் மேல் தடவித் தடவிப் போனது. மாலுமி அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனான்.

*

அதன் பிறகு வாத்தியார் மாறிப்போனான். எந்தப் பாழிடத்துக்குப் போனாலும் முதலில் தண்ணீரைத் தேடுவான். அப்படித்தான் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனோம். திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காடு, கண்ணுக்குள் குங்குமம் கொட்டின மாதிரி சிவப்பு மணல், காற்றடித்தால் மேடு இடம் மாறும். அந்த மணலுக்கு நடுவே வற்றாத சுனை, சுற்றி மரங்கள், ஒரு அய்யனார். இந்தத் தேரிகளில் விரல் நகம் அளவுக் கல்லாயுதங்கள் கிடைப்பதை 1956-இல் ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் எழுதினார்கள். வாத்தியார் படிகக் கல் சில்லு ஒன்றைக் கண்டெடுத்தான். ஒரு பக்கம் பிளேடு மாதிரி கூர். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தான். இதை உடைத்தவனுக்கு இரும்பு தெரியாது, ஆனால் சுனை தெரிந்திருக்கும் என்றான். குகை வேண்டும் என்றுகூட இல்லை பார் என்றான். கல்லாயுதக்காரன் எங்கே தூங்கினான் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. தண்ணீர் மட்டும் இருக்கிறது.

இப்போது வாத்தியார் இல்லை. மாலுமி ஒருவழியாகக் கடல் தாண்டி மஸ்கட்டுக்குப் போய், அங்கேயும் இரும்புதான் விற்கிறான்.

2024-இல் குலசேகரபட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், பிப்ரவரி 28. அடுத்த மாதம் நானும் சங்குவும் ஒரு காரில் அந்தப் பக்கம் போனோம். நடக்க என் முட்டிக்கு முடியாது. அவனும் சங்கு குளிப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. காதில் சரியாகக் கேட்காது, ஆழத்தில் இறங்கினவர்களுக்கு வரும் கோளாறு. வழியெல்லாம் ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர் லாரிகளையும் பார்த்தோம். உடன்குடிப் பக்கம் பல கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது என்று பேப்பரில் வருகிறது, ஆளாளுக்கு இன்னும் ஆழமாகப் போடுகிறார்கள்.

கல்லாமொழியில் நிறுத்தச் சொன்னான். நிலக்கரி இறக்கப் போட்ட பாலம் கடலுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, முடிவு தெரியவில்லை. நாங்கள் அன்றைக்கு உட்கார்ந்த இடம் எது என்று எனக்கு அடையாளம் பிடிபடவில்லை. அவனுக்குப் பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாகக் காட்டிக்கொண்டான். அடும்பங்கொடி தாண்டி, மேட்டுக்கு நிலப்புறம் இறங்கினான். மெதுவாகக் குத்தவைத்தான். ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் மணலை வாரினான். முழங்கை ஆழம் போயும் மணல் காய்ந்தே இருந்தது. மேலும் வாரினான். தோள்வரை கை உள்ளே போனபோது தண்ணீர் வந்தது. கலங்கலை இறைத்தான். தெளியக் காத்திருந்தான். ஒரு கை அள்ளி வாயில் வைத்தான்.

நான் குனிந்து கையை நீட்டினேன்.

"வேண்டாம்ல" என்றான்.

எழுந்து நின்று, காலால் மணலைத் தள்ளி ஊற்றை மூடினான்.